இருமல்காரிகள் போட்ட மார்க்

1

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு வந்த மின்னஞ்சலில் 'தயவுசெய்து' என்ற சொல் நான்கு முறை இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நான்கு முறை தயவுசெய்து போட்டால் கடுங்கோபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே வந்து இருபத்திரண்டு வருடத்தில் இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் நான் இருந்து என்ன பிரயோஜனம்?

அனுப்பியது, நான் பாடம் நடத்தும் மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழு. என் மாணவி நிவேதா ஒரு பாடத்தில் தேறவில்லை. தேறவில்லை என்று முடிவு செய்தது நானல்ல. தென்காசிக்குக் கிழக்கே, கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பீடி சுற்றும் பெண்கள். மருத்துவம் படிக்காதவர்கள் மருத்துவ மாணவியைத் தேறவில்லை என்று சொல்லலாமா? அந்த மதிப்பெண்ணை நானே மறுபரிசீலனை செய்து அனுப்ப முடியுமா? தயவுசெய்து, வெள்ளிக்கிழமைக்குள்.

முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். தயவுசெய்து போடவில்லை.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். செல்லக்கனி என்று நான் எழுதும் பெண்ணின் நிஜப் பெயரும் அதுவல்ல. 'என்னைச் செல்லக்கனின்னு போடுங்க டாக்டரம்மா' என்று அவரே தேர்ந்தெடுத்துச் சொன்ன பெயர். நிவேதாவும் தன் பெயரை மாற்றிக்கொண்டு, எழுதச் சம்மதித்திருக்கிறாள்.

2

நான் தென்காசிக்காரி. திருநெல்வேலியில் மருத்துவம் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்து, படித்ததையே மறுபடி படித்துப் பரீட்சை எழுதி, குடும்ப மருத்துவரானேன். வாரத்தில் மூன்று நாள் நோயாளிகள், இரண்டு நாள் மாணவர்கள். ஊரை நினைத்து உருகி எழுதும் ஆள் நானில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை. ஊர் எங்கேயும் தொலைந்துபோய்விடவில்லை, தென்காசியில் டவுன் பஸ் ஏறினால் வந்துவிடுகிறது.

நான் நடத்தும் பாடத்தின் பெயர் 'ஹெல்த் அட்வகேசி'. இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அந்த இருமல் ஏன் வந்தது, அதை மாற்ற யாரிடம் போய்ப் பரிந்து பேச வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மற்ற ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் படம் போட்டு நடத்துவார்கள். நான் வருடா வருடம் ஜூன் மாதம் ஆறு பேரைத் தென்காசிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஆறு வாரம் ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்துவிடுவேன். குழு சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். கடைசியில் மதிப்பெண் போடுவதும் குழுதான். இதை அனுமதித்ததே இந்தத் தேர்வுக் குழுதான். அருமையான யோசனை என்றார்கள். அப்போதெல்லாம் எல்லாரும் தேறிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேரைக் கூட்டிப்போக நாற்பது பக்கப் படிவம். 'தங்குமிடம் அருகே நீர்நிலை உண்டா?' உண்டு, குற்றாலம். 'தடுப்பு நடவடிக்கை?' தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். 'வன விலங்குகள்?' குரங்கு. இதற்குத் தடுப்பு நடவடிக்கை மனித குலத்திடம் கிடையாது என்று எழுதி அனுப்பினேன். விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. போய் இறங்கிய இரண்டாம் நாள், டாம் என்ற ஆறடி மாணவனின் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது. அந்தப் படத்தையே விளக்கமாக அனுப்பிவைத்தேன்.

3

இந்த வருடம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. காலையில் குற்றாலத்திலிருந்து தென்காசி, அங்கிருந்து இன்னொரு பஸ். குழு கூடும் இடம் சமுதாய நலக்கூடத்தின் பின்பக்கத் தாழ்வாரம். முப்பது பெண்களுக்கு மேல் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நனைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டுவது, தூளை வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது. பேச்சு நிற்காது, கையும் நிற்காது.

குழுவின் தலைவி செல்லக்கனி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். முதல் நாளே பிரச்சினையைச் சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனை காலையில மட்டும்தான் டாக்டரம்மா. நாங்க எப்படிப் போவோம்? காலையில கடையில பீடி கொடுத்துட்டு, இலை வாங்கிட்டு வரணும். வந்து பாத்தா அங்கன பூட்டிட்டுப் போயிருதாவ. வாரத்துல ஒரு நாள் மதியம் திறந்து வச்சா போதும்."

"அதை நீங்க அதிகாரிகிட்ட சொன்னீங்களாக்கா?"

"எங்களுக்கு வாய் இருக்கு, போறதுக்குத்தான் நேரம் இல்ல. ஒரு நாள் போனா ஒரு நாள் பீடி போச்சு. உங்க பிள்ளைங்க போவட்டும்."

அவ்வளவுதான் வேலை. வாரத்தில் ஒரு நாள் மதியம்.

நிவேதாவின் அப்பா தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைக்காரர். அவள் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் வீட்டில் தமிழ்தான். எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் மாணவர்களில் முதல் மார்க் அவள்தான். ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினாள். செல்லக்கனியை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டாள்.

"ஆன்ட்டியா? ஏட்டி, அதெல்லாம் உங்க ஊர்ல வச்சுக்கோ. இங்கன அக்கான்னு கூப்பிடு."

நானும் யோக்கியமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூடத் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். 'தண்ணிக்குமா தேங்க்ஸ்?' என்று சிரித்தார்கள். மூன்றாவது நாள் சொல்வதை நிறுத்தினேன்.

மற்ற ஐந்து பேருக்கும் தமிழ் தெரியாது. எதைச் செய்வதற்கு முன்பும் கையைக் காட்டி, தலையை ஆட்டி, கேட்டுத்தான் செய்வார்கள். நிவேதாவுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லாமே புரிந்தது. வீடு வீடாகப் போனாள், பீடி சுற்றக் கற்றுக்கொண்டாள், இரண்டே வாரத்தில் ஒரு மனுவும் எழுதினாள்.

4

மனு அற்புதமாக இருந்தது. நானே சொல்கிறேன், இதை மறைக்கப்போவதில்லை. அவள் என்னிடம் காட்டினாள், நான் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி, 'பிரமாதம்' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதில் பதினொரு பெண்களின் பெயர் இருந்தது. கதவு எண், வயது, எத்தனை மாதமாக இருமல், சளியில் ரத்தம் உண்டா இல்லையா, எல்லாம். ஆதாரம் இருந்தால்தான் மனுவுக்கு வலு என்பது மருத்துவம் படித்தவர்களின் புத்தி. நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். இங்கிலாந்தில் ஒருவர் பெயர் இருக்கும் தாளை மேஜையில் கவிழ்த்து வைக்காமல் நான் டீ குடிக்கக்கூடப் போகமாட்டேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, அக்கா தங்கை என்று பேசியதும் அந்தப் பாடம் இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று. நம்மாட்கள்தானே என்று நினைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் மனுவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் வைத்தாள். படம் எத்தனை கை மாறியதோ தெரியாது, மறுநாள் காலை பீடிக் கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். அந்தப் பதினொரு பேரும் வரிசையில் வந்தபோது கையை விரித்துவிட்டார்.

"இருமுதவளுக்கு இலை கிடையாது. நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வா."

இலை இல்லாவிட்டால் பீடி இல்லை. பீடி இல்லாவிட்டால் அந்த வீடுகளில் அடுப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, காலையில் போக வேண்டும்.

நிவேதா தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. செல்லக்கனி இரண்டு பேரையும் பார்த்தார்.

"அழுதா இலை வருமா? தள்ளி நில்லுங்க, வேலையைப் பாப்போம்."

5

மறுநாள் காலை, அந்த ஊரில் பீடி சுற்றும் அத்தனை பெண்களும் கடை வாசலுக்குப் போனார்கள். ஒருவர்கூடப் பீடியைக் கொடுக்கவில்லை. கட்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டு இருமினார்கள்.

ஆமாம், இருமினார்கள். முதலில் செல்லக்கனி, அப்புறம் பக்கத்தில் நின்றவர், அப்புறம் எல்லாரும். கடைக்காரர் வெளியே ஓடிவந்தார்.

"என்னம்மா இது கூத்து?"

"எல்லாருக்கும் இருமல் அண்ணாச்சி. எல்லார் பேரையும் எழுதிக்கோங்க. எல்லாருக்கும் இலையை நிறுத்துங்க."

என் மாணவர்கள் எதிர்ச் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி திரும்பினார்.

"ஏலே டாமு, என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்க? வந்து இருமுலே!"

டாமுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்தது. ஆறடி உடம்பை மடக்கி இருமினான். நானும் இருமினேன். நிவேதாவும் அழுதுகொண்டே இருமினாள். அந்தக் கூட்டத்தில் பதினொரு பேரின் நிஜ இருமல் எது, மற்றவர்களின் பொய் இருமல் எது என்று இத்தனை வருட மருத்துவரான எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் இருமினார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் பதினொரு பேரையும் கூப்பிட்டு இலையைக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம், பெயர் எதுவும் இல்லாத இன்னொரு மனுவைப் பெண்களே எழுதி, மாணவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். வியாழக்கிழமை மதியம் பரிசோதனை உண்டு என்று உத்தரவு வந்தது. பதினொரு பேரும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது.

அதோடு குழுவில் ஒரு வழக்கமும் வந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதுவது எப்போதும் உள்ளதுதான். இப்போது ஒவ்வொருவரிடமும் 'எழுதட்டுமா?' என்று கேட்டுவிட்டே எழுதுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தத் தங்கையிடமும் கேட்கிறார்கள்.

6

கடைசி நாள் மதிப்பெண் போட உட்கார்ந்தார்கள். கல்லூரிப் படிவத்தில் ஒன்று முதல் ஐந்துவரை கட்டங்கள் உண்டு. அதை யாரும் தொடவில்லை.

பீடிக் கடையில் ஒரு பழக்கம். கட்டுக்குள் விரலை விட்டு ஒரு பீடியை உருவி அமுக்கிப் பார்ப்பார்கள். அது பொக்காக இருந்தால், அதாவது தூள் சரியாக அடையாமல் தொளதொளவென்று இருந்தால், மொத்தக் கட்டையும் கழித்துவிடுவார்கள்.

"நாங்க அப்படிச் செய்ய மாட்டோம்" என்றார் செல்லக்கனி. "அவன் ஒரு பீடியப் பாத்துக் கட்டையே கழிப்பான். அது அநியாயம். நாங்க கட்டைப் பிரிச்சு ஒண்ணொண்ணாப் பாப்போம்."

பிரித்துப் பார்த்தார்கள். டாம் கைநாற்றத்துக்குப் பயந்து தூளைத் தொடவே இல்லை, ஆனால் கேட்காமல் எதையும் செய்யவில்லை. தேறினான். மற்ற நான்கு பேரும் தேறினார்கள். நிவேதாவின் முறை வந்ததும் செல்லக்கனி மடியில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"நேரத்துக்கு வந்தா, நல்லாச் சுத்துனா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தா. எல்லாம் நல்ல பீடிதான். ஆனா எங்க பேரை எங்களைக் கேக்காமக் கொடுத்தாளே, அது ஒரு பொக்குப் பீடி இல்ல டாக்டரம்மா. கேக்குததுதான் கட்டுத நூலு. நூல் இல்லைன்னா கட்டு எங்கன நிக்கும்?"

தேறவில்லை. திரும்ப வந்து செய்ய வேண்டும். அப்படியே எழுதி, கையெழுத்துப் போடட்டுமா என்று ஒருவரையொருவர் கேட்டு, போட்டுக் கொடுத்தார்கள். கீழே நானும் போட்டேன்.

7

இங்கே வந்ததும் நிவேதாவின் அப்பா போன் செய்தார்.

"டாக்டர், நம்ம ஊர்க்காரங்கன்னு நம்பித்தான அனுப்புனேன்? பீடி சுத்துத பொம்பளைங்க எம் மவளுக்கு மார்க் போடுதாளுவளோ? நான் காலேஜுக்கு எழுதுதேன்."

"எழுதுங்க அண்ணாச்சி. எங்க அம்மாவும் பீடி சுத்துனவதான். அவ கையால மார்க் வாங்கித்தான் நான் டாக்டர் ஆனேன்."

அவர் எழுதினார். அதன் விளைவுதான் அந்த நான்கு தயவுசெய்து.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மகன் மாடிப்படியில் நிற்கிறான். பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். குற்றாலத்துக்கு வா என்றால் பரீட்சை என்பான், பரீட்சை இல்லாத மாதத்திலும். அவனுக்கு அன்றுதான் என் அம்மா பீடி சுற்றியது தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டான். கல்லூரிப் படிவம், விசாப் படிவம், எதுவானாலும் தாயின் தொழில் என்ற இடத்தில் நான் 'இல்லத்தரசி' என்று எழுதியே வந்திருக்கிறேன். அம்மாவைக் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால், 'ஏன், நான் சுத்துன பீடியெல்லாம் எங்க போச்சு?' என்று கேட்டிருப்பாள்.

நிவேதா கேட்காமல் பெயரைக் கொடுத்தாள், நான் கேட்காமல் மறைத்தேன். எனக்கு யாரும் மார்க் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மார்க்கை மாற்றமாட்டேன் என்று நான் முடிவு செய்தது அந்த மாடிப்படியில்தான். மாற்றினால், அந்தத் தாழ்வாரத்தில் போட்ட கையெழுத்துகளுக்கு மேல் மறுபடியும் 'இல்லத்தரசி' என்று எழுதியதாக ஆகும்.

8

நான் முடியாது என்றதால் தேர்வுக் குழு ஒரு விசாரணை வைத்தது. அன்று காலை பத்து மணி. ஊரில் பிற்பகல் இரண்டரை. நீள மேஜையின் ஒரு பக்கம் தேர்வுக் குழுவின் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் நிவேதாவும். சுவரில் இருந்த திரையில் தாழ்வாரம், தட்டு, பெண்கள், நடுவில் செல்லக்கனி. நிவேதா அன்று காலைவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதிப்பெண் மாறினால் அவளுக்கு முதல் வகுப்பு. மாறாவிட்டால் போய்விடும், பட்டமும் ஆறு மாதம் தள்ளிப்போகும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் நான் பேசினேன். அந்த மனுவைப் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தது நான், என் பெயரையும் குற்றத்தில் சேருங்கள், மார்க்கை மாற்றினால் இந்தப் பாடத்தை வேறு ஆளை வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்றேன். தேர்வுக் குழுத் தலைவியான அம்மையார் குறித்துக்கொண்டார்.

செல்லக்கனியின் பேச்சை மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். நானும் ஒரு தரப்பு, மொழிபெயர்க்கக் கூடாதாம். செல்லக்கனி கட்டு, பொக்கு, நூல் என்று ஐந்து நிமிடம் பேசினார். அந்த ஆள், "மாணவியின் பணி திருப்தியாக இல்லை என்கிறார்" என்று ஒரே வரியில் முடித்தார்.

நிவேதா எழுந்து நின்றாள்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் மொழிபெயர்க்கிறேன்."

ஆட்சேபம் உண்டா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு எதிராகத் தானே மொழிபெயர்க்க விதியில் தடை இல்லையாம். சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றார் தலைவி. நிவேதா திரையைப் பார்த்தாள்.

"அக்கா, சுருக்கிச் சொல்லவா?"

"ஒரு வார்த்தை விடாதட்டி."

அவள் ஒரு வார்த்தையும் விடவில்லை. எல்லாம் நல்ல பீடி என்பதையும் சொன்னாள், நூல் இல்லை என்பதையும் சொன்னாள்.

"முடிஞ்சுதா?" என்றார் செல்லக்கனி. "சரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. கூட்டத்துக்கு வந்தவங்க பேரை நோட்டுல போடணும். அவங்க அஞ்சு பேரு பேரும் என்னன்னு கேளு. எழுதட்டுமான்னும் கேளு."

நிவேதா அதையும் மொழிபெயர்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் சின்னச் சலசலப்பு. ஓரத்தில் இருந்த வயதானவர், விதிகளை எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"எங்கள் பெயர் எதற்கு? எங்கே வைத்திருப்பார்கள்? யாரெல்லாம் பார்ப்பார்கள்?"

நிவேதா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, மூன்று கேள்வியையும் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, அவளாக ஒன்று சேர்த்தாள்.

"இதையெல்லாம் கேக்கத்தான் அக்கா நான் உங்களை விடல."

திரும்பி, அந்த வரியையும் அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

வயதானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தலைவி நிவேதாவிடம், இந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். தேறவில்லை, மீண்டும் செய்ய வேண்டும் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார் தலைவி. பிறகு திரையைப் பார்த்து, தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி, நிறுத்தி நிறுத்தி எழுத்துக்கூட்டினார். வயதானவர் மட்டும் தன் பெயர் வேண்டாம் என்றார்.

"வேண்டாம்னா வேண்டாம். அவர் இஷ்டம்" என்று செல்லக்கனி நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

"நான் ஜூன்ல வரட்டுமாக்கா?" என்று கேட்டாள் நிவேதா.

"வா. வெறுங்கையோட வா, பேனா எங்ககிட்ட இருக்கு."